கண்ணாடி கையில் இருக்கும்போது

அந்தத் தெருவில் அவர்களைப் பெரிய கண்ணாடி, சின்னக் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். அண்ணனும் தம்பியும் அப்பா விட்டுப்போன கண்ணாடிக் கடையைச் சேர்ந்து நடத்தினார்கள். ஜன்னலுக்கோ அலமாரிக்கோ கடை முகப்புக்கோ யார் கண்ணாடி கேட்டாலும் அளந்து, வெட்டி, கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பது அவர்கள் தொழில். கடைக்கு மேலே மாடியில் இரண்டு வீடுகள், நடுவில் ஒரே சுவர். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள்.

போன மழைக்காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

ஒரு துணிக்கடையின் மாடிக்குப் பெரிய கண்ணாடி ஒன்றை இருவரும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் அது விரிசல் விட்டது. மேலே நின்ற அண்ணன் "விடு!" என்று கத்தினார். கீழே தாங்கிக்கொண்டிருந்த தம்பி விடவில்லை. கீழ்ப் பாதி உடைந்து அவர் வலது கையைக் கிழித்தது. காயம் ஆறிய பிறகும் இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். "என் கையில ரத்தம் கொட்டுது, எங்கண்ணன் கண்ணாடியையே பார்த்துட்டு நிக்கிறார். அப்புறம் வந்து என்னையே திட்டுறார்" என்பதுதான் ஆறவில்லை. அதை அவர் நாலு பேரிடம் சொன்னார். நாலு பேரும் அண்ணன் காதில் போட்டார்கள். 'என்னைப் பற்றி அவன் இப்படி நினைத்துவிட்டானே' என்று அண்ணனும் வாயை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு வெட்டுமேசையின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். நடுவில் நின்ற வேலையாட்கள்தான் தபால்காரர்கள்.

மனைவிமார் இருவரும் மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. பின்பக்கத் துணிக்கொடிக்கு இருபுறமும் நின்று ஊர்க்கதை முழுவதும் பேசினார்கள். அங்கேதான் ஒரு நாள் சின்னவள், ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அக்கா, இவர் எங்க ஊருக்கே போய்த் தனியா கடை போடலாங்கிறார். எங்கண்ணன்கிட்டயும் பேசி முடிச்சிட்டார். எனக்கு வேண்டாம்னு சொன்னா, 'உன் பிறந்த ஊருக்குப் போக உனக்கே கசக்குதா'ன்னு கேக்கிறார்."

பெரியவள் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அன்று மத்தியானமே கணவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க, அவங்க போறதுக்கு முன்னாடி நாம நாலு பேரும் எங்கயாவது ஒரு தடவை போயிட்டு வரலாம். கடல், படகு, மலைன்னு நிதானமா."

"அவன் வருவானா?"

"அவர்தான் முதல்ல சரின்னார்."

அவள் அதைச் சொன்னபோது அது பொய். சாயங்காலம் கொழுந்தனைப் பிடித்து, "தம்பி, அண்ணி வாயைத் திறந்து கேக்கிறேன், இல்லைன்னுடாதீங்க" என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்ட, பொய் உண்மையாகிவிட்டது. இடைப்பட்ட நேரத்துக்காக மட்டும் அவள் சாமி படத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். கூடவே ஒரு வேண்டுதலும் வைத்தாள். 'ஆண்டவனே, பெரிசா ஒண்ணும் கேக்கலை. இவங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும். மீதியை அவங்களே பார்த்துப்பாங்க.'

*

வாடகை வேனில் முன்னால் டிரைவர். அவருக்குப் பின்னால் அண்ணன், அடுத்து மனைவிமார் இருவர், கடைசி வரிசையில் தம்பி. இப்படியே கடற்கரைச் சாலையில் போனார்கள். ஒரு பக்கம் தென்னைகள், மறுபக்கம் வெயிலில் கண் கூசும் தண்ணீர். தங்கிய விடுதிக்குக் கடலைப் பார்த்த தாழ்வாரம் இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் அண்ணன் பெட்டியைக்கூட வைக்காமல் ஜன்னலருகே போய், விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டிக் கேட்டார். பக்கத்து அறையிலிருந்து அதே மாதிரி இரண்டு தட்டு கேட்டது. தாழ்வாரத்தில் நின்ற மனைவிமார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"கடலைப் பாக்கச் சொன்னா ஜன்னலைப் பாக்குறாங்க" என்றாள் சின்னவள்.

அங்கே ஒரு வேலையும் இல்லை. காலையில் மீன்படகுகள் கரையேறுவதைப் பார்த்தார்கள். பெண்கள் புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு அலையில் நின்றார்கள். மாலையில் மணலில் உட்கார்ந்தார்கள்: ஓரத்தில் அண்ணன், நடுவில் பெண்கள், மறு ஓரத்தில் தம்பி. வறுத்த கடலைப் பொட்டலம் மட்டும் எல்லைகளைத் தாண்டி இங்கும் அங்கும் போய்வந்தது.

டிரைவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்குப் பயில்வான் கை. காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தினமும் பாட்டில்களில் பிடித்து, வழியில் சிந்தக்கூடாதென்று மூடிகளை முறுக்கி இறுக்கி வேனில் வைப்பார். சின்னவளால் திறக்கவே முடியாது. ஆனால் தம்பி, தன் மடங்காத விரல்களாலேயே தன் பாட்டிலைத் திறந்துவிட்டு, "உனக்குத்தான் கையில பலமே இல்லை" என்று மனைவியைக் கேலி செய்தார். அவர் எதற்கும் யாரிடமும் உதவி கேட்பவர் அல்ல. சட்டைப் பொத்தானோடு எவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றாலும் தானேதான் போட்டுக்கொள்வார்.

*

கடற்கரையை விட்டு நீர்வழிகளுக்குப் போகும் நாளன்று, பெரியவள் தலை துவட்டிக்கொண்டே சீக்கிரமாக வெளியே வந்தாள். வேனுக்குள் அவள் கணவர் குனிந்து நின்றிருந்தார். பின்வரிசைப் பாட்டிலை எடுத்தார். மூடியை ஒரு திருகு திருகித் தளர்த்தினார். திரும்ப லேசாக மூடினார். இருந்த இடத்திலேயே நேராக வைத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

அவர் திருடன் மாதிரி திடுக்கிட்டார். "ஒண்ணுமில்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "சொல்லிடாதே. தெரிஞ்சா அவன் தண்ணியே குடிக்க மாட்டான்" என்றார்.

அவள் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுவதும் அவள் மனம் லேசாக இருந்தது. கடவுள் பெரிய கதவுகளை உடைத்துத் திறப்பதைவிட, சின்ன மூடிகளை யாரும் பார்க்காமல் தளர்த்தி வைப்பதற்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

படகு பெரிது, மேலே பாய் போட்ட கூரை. வாய்க்கால் குறுகியும் அகன்றும் வளைந்தது. கரையோர வீடுகளின் பின்வாசல்கள் தண்ணீரில் இறங்கின. ஒரு பெண் பாத்திரம் தேய்த்தாள். வாத்துக் கூட்டமொன்று படகுக்கு வழிவிட மறுத்துக் கூச்சலிட்டது. படகோட்டி பேச்சுக்காரர். சற்று நேரம் இவர்களைக் கவனித்துவிட்டு, பெரியவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அவங்க ரெண்டு பேருக்கும் பாஷை வேற வேறயா?"

"ஏன் அப்படிக் கேக்கிறீங்க?"

"அவர் சொல்றதை இந்தம்மா இவருக்குச் சொல்றாங்க. இவர் சொல்றதை நீங்க அவருக்குச் சொல்றீங்க. நானும் வெளிநாட்டுக்காரங்களை நிறைய ஏத்தியிருக்கேன், இவ்வளவு சுத்தமா மொழிபெயர்த்து நான் பார்த்ததில்லை."

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சகோதரர்கள் இருவரும் எதிரெதிர்க் கரைகளை மும்முரமாகப் பார்த்தார்கள்.

சற்றுத் தூரத்தில் தாழ்வான நடைபாலம் ஒன்று வந்தது. அண்ணன் படகின் முனையில் தொப்பியோடு நின்று, பின்னால் போய்விட்ட வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தைத் தம்பிதான் முதலில் கவனித்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மனைவியின் தோளைத் தட்டி, "மாமாவைக் குனியச் சொல்லு, குனியச் சொல்லு" என்றார்.

"மாமா, உங்களை அவர்..."

அதற்குள் பாலம் வந்துவிட்டது. அண்ணன் கடைசி நொடியில் குனிந்தார், தொப்பி குனியவில்லை. அது தண்ணீரில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, வாத்துகளோடு சேர்ந்துகொண்டது.

எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும்தான். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. 'தலையாக இருந்திருந்தால்?' என்று நினைத்திருப்பார். பெரியவள் அதைக் கவனித்தாள். அன்று அவள் நெஞ்சில் முதன்முதலாகப் பயம் வந்தது. தலை போகிற நேரத்தில்கூட ஒரு வார்த்தை வரவில்லையென்றால், இனி எப்போது வரும்? மலையில் தங்குவதோடு பயணம் முடிகிறது. ஊர் திரும்பியதும் சின்னவர் சாமான் கட்டத் தொடங்கிவிடுவார்.

*

மலைப்பாதை தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறியது. கீழே வெயில், மேலே மேகம். சில்லென்ற காற்றில் பச்சை இலை வாசம் வந்தது. தங்கும் பங்களா சாலைக்கு மேலே, செங்குத்தான கல்படிகளின் உச்சியில் இருந்தது. அதைக் கவனித்துக்கொள்ளும் அம்மாள் பாதிப் படி இறங்கி வந்து கைகூப்பினாள்.

"மன்னிச்சுக்குங்க. முன்னறை ஜன்னல்ல கண்ணாடி இல்லை. புதுசு வந்து கீழே கிடக்குது. கொண்டு வந்தவங்க, படியேத்த மாட்டோம்னு சாலையோரமா வெச்சுட்டுப் போயிட்டாங்க. மாட்ட வேண்டியவருக்குக் காய்ச்சல். மழை வர்ற மாதிரி இருக்கு, தார்ப்பாய் கட்டியிருக்கேன். ராத்திரி குளிரும். என் கம்பளியையும் சேர்த்துத் தர்றேன்."

"உங்களுக்கு?" என்றாள் பெரியவள்.

"நான் அடுப்புப் பக்கத்துல படுத்துப்பேன்மா."

இந்தப் பேச்சில் 'கீழே கிடக்குது' என்பதற்கு மேல் எதுவும் சகோதரர்கள் காதில் விழவில்லை. இருவரும் சாலையோரம் திரும்பி நின்றிருந்தார்கள். அங்கே ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கண்ணாடி ஒன்று, மண்சுவரில் ஏறக்குறைய நட்டுக்குத்தாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடியில் கூழாங்கற்கள்.

"யாரு இப்படிச் சாத்தினது?" என்றார் அண்ணன்.

"யாரு இப்படிச் சாத்தினது?" என்றார் தம்பி, அதே நேரத்தில், அதே கோபத்தில்.

இருவரும் போனார்கள். ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கற்களைத் தள்ளிவிட்டுப் பழைய சாக்கை மடித்து அடியில் வைத்தார். பேசவில்லை. டிரைவர் உதவிக்கு வந்தபோது இருவருமே கையைக் காட்டி நிறுத்தினார்கள். பயில்வான் கை கண்ணாடிக்கு ஆகாது.

அவர்கள் அப்பா காலத்திலிருந்து தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடியைப் படியேற்றும்போது மேலே நிற்பவர் பின்பக்கமாகப் படியேறுவார். கீழே நிற்பவர் எடை முழுவதையும் தாங்குவார். அவருக்குத் தன் கால் தெரியாது. ஆகவே மேலே நிற்பவர்தான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். தூக்கு, படி, நில்லு, இடது. கண்ணாடி கையில் இருக்கும்போது மரியாதைச் சொல்லுக்கும் நேரமில்லை, மௌனத்துக்கும் இடமில்லை. இத்தனை வருஷமும் கீழே நின்றவர் தம்பி, ஏனென்றால் அவர்தான் பலசாலி. மேலே நின்றவர் அண்ணன்.

தம்பி வழக்கம்போலக் கீழ்ப்பக்கம் போனார். அங்கே ஏற்கெனவே அண்ணன் குனிந்து, கண்ணாடியின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துவிட்டிருந்தார். தம்பியின் கையைப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. காத்திருந்தார்.

தம்பி மேல்பக்கம் போய்ப் பிடித்தார். இனிச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் சொல்லாமல் கண்ணாடி தரையை விட்டு எழும்பாது. மலையிலிருந்து காற்று வீசியது. தூரத்தில் இடி உருண்டது. சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்தாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூக்கு" என்றார் தம்பி.

கண்ணாடி எழும்பியது.

"படி. இன்னொரு படி. நில்லு. வலது கால் பக்கம் கல்லு. ம், இப்ப வா. படி."

அவர் குரல் முதலில் கரகரத்தது. பிறகு சரளமாயிற்று. பெரியவள் கண்ணைத் திறந்து, கும்பிட்ட கையோடு, அவர்களுக்குப் பின்னாலேயே தள்ளி நடந்தாள்.

பாதி வழியில் பலமான காற்று ஒன்று பக்கவாட்டில் அடித்தது. கண்ணாடி பாய்மரத் துணியைப் போல அதிர்ந்தது. கீழே அண்ணனின் கால் பாசியில் சறுக்கி, முட்டி கல்லில் இடித்தது.

"நில்லு! அசையாதே!" என்று தம்பி கத்தினார்.

"ஐயோ, மாமா கால்ல ரத்தம்!" என்றாள் சின்னவள்.

தம்பி பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கண்ணாடியின் மேல்முனை அண்ணன் பக்கம் அரை விரல் சாய்ந்திருந்தது. அதை அவர் கண்ணாலேயே கட்டிப்பிடித்து நிறுத்தியிருந்தார். ஒரு நொடி கண்ணை எடுத்தால் அத்தனையும் அண்ணன் தலையில்.

"வலிக்குதா?" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"என்னைப் பாக்காதே. கண்ணாடியைப் பாரு" என்றார் அண்ணன்.

அந்த இடத்தில் தம்பி அப்படியே நின்றார். காற்று நின்ற பிறகும் நின்றார். கண்ணாடியின் வழியாக, மங்கலாக, வியர்த்த முகத்தோடு அண்ணன் தெரிந்தார். துணிக்கடைப் படியில் தான் நின்ற இடத்தில் இன்று அண்ணன். அண்ணன் நின்ற இடத்தில் தான்.

"என்னடா, சொல்லு. கை கடுக்குது" என்றார் அண்ணன்.

"படி" என்றார் தம்பி.  "பார்த்து வா, அண்ணே. படி."

*

அவர்கள் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, ஓரப்பட்டி அடித்து முடித்த சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. முன்னறை சட்டென்று வீடாகிவிட்டது. வெளியே சரிவு முழுவதும் வெள்ளைத் திரை, உள்ளே தேநீர் ஆவி. பங்களா அம்மாள் தார்ப்பாயை மடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நன்றி சொன்னாள். சொல்ல ஆள் தீர்ந்ததும் டிரைவரிடமும் சொன்னாள்.

அண்ணன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தம்பி தரையில் உட்கார்ந்து அவர் முட்டிக் காயத்தைத் துடைத்து மருந்து தடவினார். மடங்காத இரண்டு விரல்களும் குறுக்கே குறுக்கே வந்தன. பெண்கள் சமையலறை வாசலில் தேநீரை ஆற்றுவதாகப் பாவனை செய்துகொண்டு நின்றார்கள்.

"அண்ணே."

"ம்."

"அன்னிக்கு உடைஞ்சது கீழ்ப் பாதிதானே. மேல் பாதி உங்க கையிலதான் இருந்துதா?"

"ஆமா."

"எனக்கு மேலயா?"

"உன் தலைக்கு நேரா."

தம்பி மருந்தை மூடி வைத்தார்.

"ரொம்பக் கனமா இருந்துச்சா?"

"கனம் தெரியலை" என்றார் அண்ணன். "கீழே நீ நின்னுட்டு இருந்தே. அதை ஓரமா இறக்கி வெச்சுட்டுத் திரும்பினா, உன் கையைப் பார்த்தேன். எனக்குத் தலை சுத்திடுச்சு. என்ன பேசினேன்னே தெரியலைடா. விடுன்னு சொன்னப்ப விட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதேங்கிற கோபம்."

"நான் விட்டா, அது உங்களை இழுத்துட்டுக் கீழே வரும்னு நினைச்சேன்."

அண்ணன் தம்பியின் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கத் தெரியாதவர் போல அப்படியே வைத்திருந்தார்.

சமையலறை வாசலில் பெரியவள் சின்னவளின் காதில், "நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன். இவ்வளவு கொடுத்துட்டார்" என்றாள். சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். தேநீர் உண்மையாகவே ஆறிப்போயிருந்தது.

*

மறுநாள் காலை, கழுவி விட்டாற்போன்ற வெயிலில் வேன் இறங்கத் தொடங்கியது. முட்டி வலியால் அண்ணன் தாமதமாக எழுந்து, நொண்டிக்கொண்டு கடைசியாக வந்து ஏறினார். தம்பி இன்று அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பின்வரிசையில் பெண்கள் காலை நீட்டி, ராஜ்யம் கிடைத்த மாதிரி சாய்ந்துகொண்டார்கள்.

இரண்டு வளைவு தாண்டியதும் தம்பி தண்ணீர் பாட்டிலை எடுத்தார். திருகினார். மூடி அசையவில்லை. சட்டையால் பிடித்துத் திருகினார். அப்போதும் அசையவில்லை.

"என்ன டிரைவர், இன்னிக்கு மட்டும் இவ்வளவு இறுக்கிட்டீங்க?"

"நான் தினமும் இப்படித்தான் சார் மூடுறேன். பெரிய சார்தான் காலையில வந்து உங்க பாட்டிலை மட்டும் திறந்து திறந்து மூடுவார். தண்ணி நல்லா இருக்கான்னு பாக்குறார்னு நினைச்சேன்."

 அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே எதுவுமில்லாத ஒரு மேட்டை அக்கறையாகப் பார்த்தார்.

தம்பி பாட்டிலைக் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானுக்குக்கூட யாரையும் கேட்காத மனிதர். பிறகு அதை அண்ணனிடம் நீட்டினார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க."

அண்ணன் வாங்கினார். திறந்தார். திறந்த பாட்டிலைக் கொடுக்கும்போது, மேட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"உன் மச்சான் ஊர்ல, படியேத்துற வேலைக்கு ஆள் பார்த்துட்டியா?"

"பாக்கலை" என்றார் தம்பி. ஒரு மடக்குக் குடித்தார். "மச்சானுக்குப் போன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா இனிமே நான்தான் மேலே. என் கையால கீழே தாங்க முடியாது."

"என் முட்டி இருக்கிற லட்சணத்துல நான் எப்படிடா கீழே நிக்கிறது?"

"அப்போ ரெண்டு பேருமே மேலே நிப்போம். கண்ணாடி தானா வரட்டும்."

பின்னால் சின்னவள் உரக்கச் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணை மூடி உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதிரே சாலைக்குக் குறுக்கே ஒரு கிளை தாழ்ந்து தொங்கியது. அண்ணன் தலையை வெளியே நீட்டி, பின்னால் போய்விட்ட மேட்டைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குனிங்க, அண்ணே!" என்றார் தம்பி.

அவர் குனிந்தார்.